தண்ணித்தொட்டித் தெருவில் விழுந்த வார்த்தைகள்

பீடி இலையை நேற்றே நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்தாயிற்று, அதனால் இன்றைக்கு இலை சொன்னபடி கேட்கிறது. அளவுத் தகட்டை வைத்து நாலு பக்கமும் கத்தரியால் வெட்டி, தூளைக் கிள்ளிப் போட்டு, ஒரு உருட்டு உருட்டி, நுனியை மடக்கி நூலைச் சுற்றிவிட்டால் கை தானாக அடுத்த இலைக்குப் போய்விடுகிறது, கண் மட்டும் போக மாட்டேன் என்கிறது. கண் சுவரில் மாட்டியிருக்கிற வெள்ளை நெட் பெட்டியின் மேலேயே இருக்கிறது. மூன்று விளக்கு பச்சையாக எரிகிறது, நாலாவது சிவப்பு, லைன் இல்லை. மணி இப்போது மூன்று. வெயிலுக்குப் பயந்து சவூதியில் விடியுமுன்னே வேலையை ஆரம்பித்துவிடுவார்கள், அதனால் நம் ஊர் மணிக்கு மூன்றரை ஆனால் எங்கள் வீட்டுக்காரவுக வெளியே வந்துவிடுவாக, கம்பெனி கேட்டில் வாங்கி வைத்த போனைத் திருப்பிக் கொடுப்பார்கள், நாலரைக்கு ஆபீசில் கையெழுத்துக் கேட்பார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குள் நான் அவுகளிடம் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சொன்னால் ஊருக்கு வந்துவிடுவாக. சொல்லாவிட்டால் இன்னும் இரண்டு வருசம்.

எங்கள் தெருவுக்குத் தண்ணித்தொட்டித் தெரு என்று பேர். பதினோரு வீடு. பின்னால் மலை, முன்னால் கண்ணுக்கு எட்டின மட்டும் கரண்டு எடுக்கிற காற்றாடி, நடுவில் நாங்கள். டவர் எங்களைத் தாண்டிப் போய்விடும். போனைத் தூக்கிக்கொண்டு தொட்டி ஏணியில் எட்டாவது படிக்கு ஏறினால்தான் ஒரு கோடு வரும், அங்கே மலைக்காற்றில் நின்றுகொண்டு ஒருத்தி சேலையைப் பிடிப்பாளா, போனைப் பிடிப்பாளா. ஆண்களில் முக்கால்வாசிப் பேர் வெளியூர். ஒருத்தர் பம்பாய், ஒருத்தர் சென்னையில் பலசரக்குக் கடை, எங்கள் வீட்டுக்காரவுக சவூதியில் குழாய் பதிக்கிற வேலை. அவுக விமானம் ஏறும்போது தன்ஷிகா என் வயிற்றில் ஐந்து மாதம், இப்போது அவளுக்கு இரண்டரை வயசு. அப்பா என்றால் அவளுக்கு உள்ளங்கை அகலத்தில் வெளிச்சமாக இருக்கிற ஒன்று. அதுக்குச் சோறு ஊட்டுவாள், அது பேசாமல் இருந்தால் தூங்குகிறது என்று துண்டைப் போர்த்தித் தட்டிக் கொடுப்பாள், கை தவறிக் கீழே விழுந்தால் "அப்பா ஒடஞ்சிட்டு" என்று தெருவே கூடுகிற மாதிரி அழுவாள்.

போன தை மாதம் கேபிள்காரர் ஜெபஸ்டின் அண்ணன் மெயின் ரோட்டுக் கம்பத்திலிருந்து முடியளவு கண்ணாடி இழை உள்ளே ஓடுகிற வெள்ளை வயர் ஒன்றை இழுத்துவந்து, அதைப் பதினொன்றாகப் பிரித்து, வீட்டுக்கு ஒரு பெட்டி மாட்டிவிட்டுப் போனார். ஒரு வாரம் நன்றாக இருந்தது. அப்புறம் பெட்டிக்கு என்ன வந்ததோ, பேசிக்கொண்டே இருக்கும்போது அவுக முகம் அப்படியே நிற்கும், வாய் திறந்தது திறந்தபடி, கண் மூடினது மூடினபடி. இல்லாவிட்டால் முகம் அசையும், குரல் வராது. நான் ஜெபஸ்டின் அண்ணனுக்குச் சொல்லிவிட்டேன். அமர்த்திவிட்டு முப்பது எண்ணிப் போடச் சொன்னார், எண்ணினேன். பின்னால் இருக்கிற ஓட்டையில் ஊக்கைவிட்டு அழுத்தச் சொன்னார், அழுத்தினேன். இரும்புப் பீரோ பக்கத்தில் வைக்காதே என்றார், பீரோவை நகர்த்தினேன். கண்ணாடி முன்னால் வைக்காதே என்றார், கண்ணாடியைத் திருப்பிப் போட்டேன். உயரமாக வை என்றார், சாமி படத்துக்கும் மேலே ஏற்றினேன், ஒரு நாள் பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டியிருந்தது, அதையும் ஊதி ஊதி விரட்டினேன். கடைசியில் அவரே வந்தார். வந்தவர் தெரு முனையிலேயே நின்றுவிட்டார்.

"யாரும்மா இது, வெளிச்சம் போற வயர்ல உள்பாவாடையக் காயப் போட்டது?"

"நான்தான்," என்று வெளியே வந்தாள் பக்கத்து வீட்டுப் பிச்சம்மாள் மைனி. "வெளிச்சம் போகுதுன்னு நீதானல சொன்ன. சீக்கிரம் காயும்லான்னு போட்டேன்."

ஜெபஸ்டின் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு துணியை எடுத்தார், தொங்கின வயரை இழுத்துக் கட்டினார், ஒரு சின்ன மீட்டரைச் செருகிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "உங்க வீடு வரைக்கும் வெளிச்சம் முழுசா வருதும்மா. பெட்டிக்கும் கொற ஒண்ணுமில்ல. அங்க இருந்து போனுக்குப் போறதுக்குள்ள எங்கயோ லாஸ் ஆகுது."

"லாஸ் ஆனது எங்க போகும்?" என்று மைனி கேட்டாள்.

"எங்கயும் போகாது. அப்படியே இல்லாமப் போயிடும்."

அவர் சொன்னது தப்பு என்று மறுநாள் காலையில் தெரிந்தது. நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன், பிச்சம்மாள் மைனி மாவுச் சட்டியை இடுப்பில் வைத்து, மூடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"ஏட்டி சந்தனமாரி, உன் மாப்பிள்ளை என் மாவுச் சட்டியில கெடக்காரு. வந்து எடுத்துக்கோ."

இட்லி ஊற்றலாம் என்று மூடியைத் தூக்கியிருக்கிறாள், உள்ளேயிருந்து "தொண்ட" என்று ஒரு ஆண் குரல் கேட்டிருக்கிறது, உடனே மூடிவிட்டாள். நான் சட்டியைச் சமையல்கட்டுக்குக் கொண்டுபோய் மூடியை விரற்கடை தூக்கிக் காதை வைத்தேன். "கட்டியிருக்கு, வேற ஒண்ணும் இல்ல, நீ சாப்டியா" என்றது. அவுக குரல்தான். முந்தின நாள் சாயங்காலம் முகம் நின்றுபோன இடத்தில் விட்டுப்போன வார்த்தை, மூச்சோடும் கமறலோடும் அப்படியே இருந்தது. இன்னொரு தடவை கேட்கலாம் என்று மறுபடி திறந்தேன், வெறும் மாவுதான் இருந்தது, ஆனால் எப்போதையும்விட இரண்டு விரல் கூடுதலாகப் பொங்கியிருந்தது. மைனி நிலைப்படியில் நின்றபடி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "உப்புப் போட்டுட்டேனே, அதனால அவருக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?"

அன்றிலிருந்து தெருவில் எந்த வீட்டுப் பேச்சு அறுந்தாலும் அறுந்த துண்டு இன்னொரு வீட்டுப் பாத்திரத்தில் விழுந்து கிடந்தது, சொந்த வீட்டில் மட்டும் விழாது. வார்த்தை விழுந்த பாத்திரத்தின் மூடியில் கை வைத்தால் போன் அதிர்கிற மாதிரி மெல்ல அதிரும், அதை வைத்தே கண்டுபிடித்தோம். ஒரு தடவைதான் பேசும், யார் காதில் விழுந்தாலும் அத்தோடு தீர்ந்தது, அதனால் அதிர்கிற பாத்திரத்தை யாரும் திறப்பதில்லை, மூடியை முந்தானையால் கட்டி உரிய வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம். கொடுத்தவர்கள் அங்கேயே நின்றால், பிள்ளைக்குப் பால் கொடுக்கிறபோது மற்றவர்கள் திரும்பிக்கொள்வார்களே, அப்படிச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். பாத்திரத்தை வாங்கினவள் வெறுமனே திருப்பித் தரக் கூடாது, அது எங்கள் பக்கத்தில் எப்போதும் உள்ள வழக்கம்தானே, ஒரு பிடி முருங்கைக்கீரையோ நாலு கொழுக்கட்டையோ போட்டுத்தான் தர வேண்டும். இப்படியாகப் பேசாமல் கிடந்த வீடுகளெல்லாம் பேச ஆரம்பித்தன, வேலித் தகராறில் ஏழு வருசம் முகம் பார்க்காத இரண்டு வீட்டுக்காரிகள் ஒருத்தி மகன் இருமினதை இன்னொருத்தி தூக்குவாளியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்ததில் சேர்ந்துவிட்டார்கள்.

டெய்லர் ஐயாக்குட்டி அண்ணாச்சியின் பித்தான் டப்பா மூடியில்லாதது, அதனால் அதில் விழுந்தது அவர் காதிலேயே கேட்டுவிட்டது. பிச்சம்மாள் மைனியின் மகன் சென்னையிலிருந்து சொன்னது. அவர் வாசலில் நின்று, "பிச்சம்மா, உன் மகன் 'எனக்குப் பொண்ணு பாக்க வேண்டாம்மா'ன்னு சொல்லுதான்," என்றார்.

"நீங்க கேட்டா கணக்கு இல்ல அண்ணாச்சி. என் காதுல விழல, நான் பாத்துக்கிட்டுதான் இருப்பேன்," என்றாள் மைனி.

ஜெபஸ்டின் அண்ணன் புகார்ப் படிவத்தில் 'வார்த்தைகள் பாத்திரத்தில் விழுகின்றன' என்று தமிழிலேயே எழுதிக் கம்பெனிக்கு அனுப்பினார். உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது என்று மூன்றாம் நாள் பதில் வந்தது. அவுகளும் ஒரு நாள் சொன்னாக, அங்கே ஒரு அறையில் எட்டுப் பேர் தங்கியிருக்கிறார்களாம், பீகார்க்காரர் ஒருத்தர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தால் அதுக்குள்ளே தன்ஷிகா "அப்பா, பூன" என்றாளாம். அந்த மனுசருக்கு அர்த்தம் தெரியாது, ஆனாலும் அன்று முழுவதும் அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் வைத்திருந்து ராத்திரி ஊருக்குப் பேசிவிட்டுத்தான் குடித்தாராம்.

இப்படி எல்லாம் பழகிப் போயிருந்த சமயத்தில்தான் இந்த மாதம் எட்டாம் தேதி வந்தது. அவுக ஒப்பந்தம் முப்பதாம் தேதியோடு முடிகிறது. மறுபடி இரண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடலாம், போடாமல் வந்தும்விடலாம். நான் போனின் கேமராக் கண்ணைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி கேட்டேன், "திரும்பக் கையெழுத்துப் போடப் போறியளா?" கேட்டுவிட்டு விரலை எடுத்தால் அவுக பேசிக்கொண்டிருக்கிறாக. வாய் அசைகிறது, புருவம் ஏறி இறங்குகிறது, ஒரு தடவை கையைக்கூட நெஞ்சில் வைத்தாக, ரொம்ப நேரம் பேசினாக, குரல் மட்டும் ஒரு பொட்டு வரவில்லை. அப்புறம் நாலாவது விளக்கு சிவப்பாகிவிட்டது.

மறுநாள் லைன் நன்றாக இருந்தது. அவுக அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்றாக, மழை உண்டா என்றாக, அப்புறம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாக. நான் கேட்டிருக்கலாம்தானே, நேற்று என்ன சொன்னீர்கள் என்று. கேட்கவில்லை. ஒரு தடவை கேட்டால் விசாரிக்கிற மாதிரி, இரண்டாம் தடவை கேட்டால் எனக்கு வேண்டும் என்று கேட்கிற மாதிரி ஆகிவிடும், அதுக்கு எனக்கு நாக்கு எழவில்லை. அந்த வார்த்தை எப்படியும் தெருவுக்குள்தான் கிடக்கும், யாராவது கொண்டுவந்து தருவார்கள் என்று இருந்துவிட்டேன். ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று, யாரும் வரவில்லை. அவுக முகம் நாளுக்கு நாள் வாடிக்கொண்டே போயிற்று, நான் அதைத் தொண்டைக்கட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

பதினைந்தாம் நாள் மைனியிடம் சொன்னேன்.

"எத்தன வார்த்தையிருக்கும்?" என்றாள்.

"ரொம்ப நேரம் வாய் அசைஞ்சது மைனி."

"அப்பப் பெரிய பாத்திரமாத்தான் பாக்கணும்."

தெருவே தேடியது. அண்டா, குத்துப்போணி, கோயில் பொங்கல் பானை, கோழி முட்டை வைக்கிற கூடை, தொட்டிக்குள் இறங்கி அடித் தண்ணீர்வரை தேடினார்கள். யார் யாருடையதோ கிடைத்தது, அவுகளுடையது இல்லை. பிச்சம்மாள் மைனி தன் கல்யாணத்துக்குக் கொடுத்த செம்புத் தவலையைப் பரணிலிருந்து இறக்கினாள். மூடி அதிர்ந்தது. பெட்டி வருவதற்கு ரொம்ப முந்தியே, நாலு வருசத்துக்கு முன்னால் அவள் வீட்டுக்காரர் பம்பாய் ஆஸ்பத்திரியிலிருந்து பேசும்போது போன் பாதியில் அறுந்தது, அன்று ராத்திரியே அவர் போய்விட்டார்; அப்போது இந்தத் தவலை இரவலாகப் பக்கத்து வீட்டில் இருந்ததாம். மைனி மூடியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் எல்லாரும் சுவரைப் பார்த்துத் திரும்பினோம். ரொம்ப நேரம் கழித்துத் தவலையைத் தூக்குகிற சத்தம் கேட்டது.

"தெறக்கலையா மைனி?"

"தெறந்தா தீந்துபோகும்லாட்டி," என்று சொல்லிக்கொண்டு அதைத் திரும்பவும் பரணில் ஏற்றினாள். "இருக்கட்டும். வீட்டுல ஒரு ஆள் இருக்கிற மாதிரி இருக்கும்."

இன்று காலையில் தன்ஷிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பூச்சித் தொந்தரவாக இருக்கும், சுண்டவத்தல் வறுத்துப் பொடித்துச் சோற்றில் பிசைந்து கொடுப்போம் என்று மேல் தட்டிலிருந்த என் சம்படத்தை, மூடி போட்ட வத்தல் டப்பாவை, எடுத்தேன். கையில் அதிர்ந்தது. ரொம்ப மெல்ல, உறங்குகிற பிள்ளை நெஞ்சு மாதிரி. நான் போட்ட சத்தத்தில் மைனி ஓடிவந்தாள், சம்படத்தைப் பார்த்ததும் வாயில் அடித்துக்கொண்டாள்.

"சவத்த மூதி நானு! கொழுக்கட்ட வச்சுக் குடுத்தியே, அந்தச் சம்படம்லா இது. எட்டாந்தேதி சாயங்காலம் கழுவி வாயத் தெறந்து கல்லுமேல வச்சிருந்தேன். காலையில உனக்குத் திருப்பித் தரணும், வெறுஞ் சம்படத்த எப்படித் தரன்னு வத்தலை அள்ளிப் போட்டு மூடிக் கொண்டாந்துட்டேன். மிக்ஸி ஓடுன சத்தத்துல, உள்ள ஆள் கெடக்காருன்னு எனக்கு என்னட்டி தெரியும்?"

இருபத்திரண்டு நாள். ஊரெல்லாம் தேடின வார்த்தை என் தலைக்கு மேலே வத்தலுக்கு அடியில் கிடந்திருக்கிறது. தெரு கூடிவிட்டது. உள்ளே நின்ற பெண்கள் உள் சுவரைப் பார்த்தும், வாசலில் நின்ற ஐயாக்குட்டி அண்ணாச்சி எதிர் வீட்டுச் சுவரைப் பார்த்தும் திரும்பிக்கொண்டார்கள். நான் தன்ஷிகாவை மடியில் வைத்துக்கொண்டு திறந்தேன். வத்தலுக்குள் கிடந்து கிடந்து குரல் காய்ந்துபோயிருந்தது, லேசாகக் கசந்தது, ஆனால் ஒரு வார்த்தைகூடக் குறையவில்லை.

"கையெழுத்துப் போடப் போறியளான்னு நீ கேக்குத. மூணு வருசத்துல வாங்கன்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கியா? நான் வேணுமா, அனுப்புதது மட்டும் போதுமான்னு எனக்கு எப்படித் தெரியும்? உன் வாயால ஒரு தடவ சொல்லு, சந்தனம். மாசக் கடைசி வரைக்கும் அந்தப் பேப்பர மடிச்சு வச்சிருப்பேன். சொல்லலைன்னா அதுதான் உன் பதில்னு எடுத்துக்கிடுதேன்." அதுக்கப்புறம் ஒரு பெருமூச்சு, "பாப்பா என்ன பண்ணுதா?" அவ்வளவுதான். தன்ஷிகா என்னைப் பார்த்தாள், சம்படத்தைப் பார்த்தாள், போன் எங்கே என்று தேடினாள். போன் இல்லாமல் அவுக குரலை அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. சம்படத்துக்குள் கையைவிட்டு வத்தலை விலக்கி விலக்கிப் பார்த்தாள்.

யாரும் திரும்பவில்லை. அந்த அறையில் அத்தனை பேர் நின்றும் வத்தல் உருளுகிற சத்தம் ஒன்றுதான் கேட்டது. அப்புறம் மைனி சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்:

"இன்னைக்கு என்ன தேதிட்டி?"

"முப்பது."

"பஸ் ஏறி டவுனுக்குப் போயி அங்கன நின்னு போனப் போடு."

"பஸ் ஸ்டாண்டுல நின்னு என்னால இதச் சொல்ல முடியாது மைனி."

"அப்ப எழுதி அனுப்பு."

"வாயாலச் சொல்லச் சொல்லுதாகளே."

மைனி திரும்பினாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் நேரே என் அடுக்களைக்குப் போய், நிறைகுடத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். ஒரு வீட்டில் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தால் அங்கே துக்கம், அடுப்பு எரியாது என்று அர்த்தம், நல்ல நாளில் எந்தப் பெண்ணும் செய்ய மாட்டாள். "இன்னைக்கு இந்தத் தெருவுல ஒரு வார்த்த விழ ஒரு பாத்திரம் வாயத் தொறந்திருக்கக் கூடாது," என்றாள். பானைகளும் போணிகளும் தூக்குவாளிகளும், நாய்க்குச் சோறு வைக்கிற சட்டியும், அண்ணாச்சியின் பித்தான் டப்பாவும், எல்லாம் வெயிலில் வரிசையாகக் கவிழ்ந்து கிடக்கின்றன; பதினோரு வீட்டில் ஒரு வீட்டிலும் உலை வைக்கவில்லை, பிள்ளைகளுக்கு வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்து உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். பத்து வீட்டுப் பெட்டியையும் ஜெபஸ்டின் அண்ணன் அமர்த்திவிட்டார், மிக்ஸி, பேன் எதுவும் ஓடவில்லை. முனைக்கம்பத்தில் ஏறி வயரை அசையாமல் கையில் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரமாக நிற்கிறார். "எண்ணே, இறங்கிக்கோங்க" என்றேன், "வெளிச்சம் என் கை வழியாத்தாம்மா போகுது, இளஞ்சூடா இருக்கு," என்று மெதுவாகச் சொன்னார், சத்தமாகப் பேசினால் சிந்திவிடும் என்கிற மாதிரி. மைனி தன்ஷிகாவையும் போனையும் மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

எனக்குச் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, அதுக்காகத்தான் பீடி முறத்தை மடியில் எடுத்து வைத்தேன். காலையிலிருந்து அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்க்கிறேன். வாங்க. இதில் என்ன இருக்கிறது, கடைக்காரர் சொல்லுவார், கல்யாண வீட்டு வாசலில் சொல்லுவார்கள், தபால்காரருக்கும் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்கும் நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அவுகளுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தால் மட்டும் அது நெஞ்சுக்குழியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வேண்டும் என்று கேட்டு வாங்கி எனக்குப் பழக்கமில்லை. எட்டாம் வகுப்போடு நிறுத்தினபோதும் நான் படிக்க வேண்டும் என்று சொன்னதில்லை, அவுக கிளம்பின அன்றும் போகாதீர்கள் என்று சொன்னதில்லை, பெட்டியின் பூட்டைச் சரிபார்த்துக் கொடுத்தேன். பதினோரு வீட்டு அடுப்பும் அணைந்து கிடக்கிறது எனக்கு வாய் திறக்க வேண்டும் என்று. அங்கே எட்டுப் பேர் அறையில் எந்தப் பாட்டில் திறந்திருக்கிறதோ, சொன்னது அவுக காதுக்குத்தான் போகுமோ, பீகார்க்காரர் தண்ணீரில் விழுமோ, விழுந்தாலும் அந்த மனுசர் மூடி எடுத்துவந்து கொடுக்கத்தான் செய்வார், ஆனால் நாலரைக்குள் கொடுப்பாரா, அதனால் ஒரு தடவை சொல்லி நிறுத்தக் கூடாது, லைன் இருக்கிற மட்டும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், நூறு தடவை சொன்னால் ஒன்றாவது

"ஏட்டி சந்தனமாரி! முறத்தத் தூக்கி எறி! வந்துட்டாரு, முழுசா வந்துட்டாரு, உன் மக அவருக்குப் பழம் ஊட்டுதா, ஓடியாட்டி!"

இந்தா வந்துட்டேன் மைனி, அவுகளப் போன வைக்காம இருக்கச் சொல்லுங்க, நான் வந்து